அறைக்குள் அடங்கும் ரயில் பாதை

மாதிரி ரயில் பாதையை முதலில் காகிதத்தில் வரைந்து, பிறகு அமைக்கும் வழக்கம் அமெரிக்காவில் பரவ, 1934-ல் மில்வாக்கியில் தொடங்கிய 'மாடல் ரயில்ரோடர்' இதழ் பெரிதும் உதவியது. 1940-களில் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த ஃபிராங்க் எலிசன், பாதையை நாடக மேடையாகவும் ரயில்களை நடிகர்களாகவும் பார்க்கச் சொன்னார். ரயில் வெறுமனே வட்டமடிக்காமல் சரக்கை ஓரிடத்தில் ஏற்றி வேறிடத்தில் இறக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

ஆனால் வளைவுகள் இடத்தை விழுங்கிவிடும். இதற்குத் தீர்வு கண்டவர் ஜான் ஆம்ஸ்ட்ராங். அறையின் வரைபடத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரிப்பது அவருடைய முறை. மிகச் சிறிய வளைவின் ஆரத்தோடு, இணைப் பாதைகளுக்கு இடையிலான தூரத்தை இருமுறை கூட்டினால் ஒரு கட்டத்தின் பக்கம் கிடைக்கும். ஆரம் 24 அங்குலம், இடைவெளி 2 அங்குலம் என்றால் கட்டம் 28 அங்குலம். அப்படியானால் 12 அடிக்கு 10 அடி அறையில் நீளவாக்கில் 5 கட்டங்களும் அகலவாக்கில் 4 கட்டங்களும் அடங்கும். ரயில் முழுதாகத் திரும்பிவர அகலத்தில் 2 கட்டங்கள் போய்விடும். ஒரு தண்டவாளம்கூட வாங்காமலே, எது முடியும், எது முடியாது என்று இந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது. இத்துறையின் மிகப் பயனுள்ள கண்டுபிடிப்பு இதுதான். 1963-ல் வெளிவந்த அவருடைய பாதைத் திட்ட நூல் பல பதிப்புகள் கண்டது. ரயிலோடு கூடவே இயக்குபவர் நடந்து செல்ல வழிவிடும் அமைப்பையும் அவர் வலியுறுத்தினார்.