சூலக்கரை வட்டாரத்துச் சரித்திரமும் பழைய ரிக்கார்டுகளும்

நம் ஊர்களின் சரித்திரம் யாது என்று வினவினால், நம்மவரிற் பெரும்பாலார் தம் பாட்டனார் கூறிய கதைகளையே எடுத்துரைப்பர். அக்கதைகள் இனியவை, அவற்றுள் உண்மையும் உண்டு. ஆயினும் நியாயஸ்தலத்திற் போலவே சரித்திர ஆராய்ச்சியிலும் வாய்ச்சொல் மட்டும் செல்லாது, காகிதமும் வேண்டும். அக்காகிதம் எங்கே கிடக்கின்றது, அதனைத் தேடும் முறை யாது என்பவற்றை, விருதுநகருக்குத் தெற்கே சாத்தூர் செல்லும் பெருஞ்சாலையிலுள்ள சூலக்கரையை முன்வைத்து ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண், நம் ஊர் எந்த ஜில்லாவில் இருந்தது என்பதைத் தெளிதல் வேண்டும். இக்காலத்து விருதுநகர் ஜில்லா 1985ஆம் ஆண்டிற் பிறந்தது. அதற்கு முன், 1910 முதல், இப்பகுதி இராமநாதபுரம் ஜில்லாவிலும், 1910க்கு முன்னர்த் திருநெல்வேலி ஜில்லாவின் சாத்தூர் தாலுகாவிலும் அடங்கியிருந்தது. விருதுநகர் என்னும் பெயரே 1923இல் வந்தது. அதுவரை அது விருதுபட்டி. ஆகவே 1880ஆம் வருஷத்துக் காகிதமொன்றை விருதுநகர் என்னும் தலைப்பின்கீழ்த் தேடுவோர் வெறுங்கையோடு திரும்புதல் திண்ணம். இராமநாதபுரம் ஜில்லாவின் கலெக்டர் கச்சேரி நெடுங்காலம் மதுரையிலேயே நடைபெற்றது என்பதையும் மறத்தலாகாது. ஒரே ஊரின் சரித்திரத்திற்குத் திருநெல்வேலி, மதுரை, சென்னை என மூன்று வாயில்களைத் தட்டவேண்டியிருக்கின்றது.

இம்மாறுதலால் நம் வட்டாரத்திற்கு நேர்ந்த நட்டம் ஒன்றுண்டு. ஸ்டூவார்ட் துரை 1879இல் வெளியிட்ட திருநெல்வேலி ஜில்லா மான்யுவலில் சாத்தூர்ப் பகுதி இடம்பெற்றது. பேட் துரையின் திருநெல்வேலி கெஸட்டியர் 1917இல் வந்தபோது, நாம் அந்த ஜில்லாவை விட்டுப் பிரிந்து ஏழாண்டுகள் கழிந்துவிட்டன. இராமநாதபுரம் ஜில்லாவின் கெஸட்டியரோ 1972இல்தான் வெளிவந்தது. விருதுபட்டி வணிக நகராக வளர்ந்ததும், சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தோன்றியதும் இவ்விடைவெளியிலேயே! அக்காலத்தை அறிய அச்சுப் புத்தகத்தை நம்பிப் பயனில்லை; மூலக் காகிதங்களையே புரட்டல் வேண்டும்.

சென்னை எழும்பூரிலே 1909இற் கட்டி முடிந்த செங்கட்டடத்தில் அம்மூலங்கள் காக்கப்படுகின்றன. ரெவினியூ போர்டாரின் நடவடிக்கைகள் வருஷவாரியாக அட்டவணைப்படுத்தப்பட்டுள்ளன. நம் போன்றார்க்கு மிக்க சுவை தருவன இனாம் ரிஜிஸ்தர்களே. 1858இல் ஏற்பட்ட இனாம் கமிஷனார், வரி நீங்கிய நிலங்கள் அனைத்தையும் விசாரித்தனர். கோயிலுக்கோ, சத்திரத்திற்கோ, தண்ணீர்ப்பந்தலுக்கோ விட்ட நிலம் எவ்வளவு, கொடுத்தவர் யார், பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார் என்று அவற்றில் வரிசையாகப் பதிவாகியுள்ளது. ஆனால் வரி நீக்கத்தைக் காத்துக்கொள்ளும் ஆசையுடையோர் சொல்லிய சாட்சியம் அஃது, அவ்வளவிற் கொள்ளத்தக்கது.

1865 முதல் பத்திரப் பதிவுக் கச்சேரிகளில் நிலக் கிரய விவரங்கள் ஏறத் தொடங்கின. 1876ஆம் வருஷத் தொடக்கத்தில் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. அவ்வாண்டிலேயே மழை பொய்த்து, 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தமிழ்நாட்டை வாட்டியது. வண்டிமாட்டுப் பேட்டைகளை நம்பியிருந்த வணிகம் ரயிலைச் சார்ந்து திரும்பிய காலத்தில் எந்தக் குடும்பம் நிலத்தை விற்றது, எந்தக் குடும்பம் வாங்கியது என்பதைப் பதிவுக் கச்சேரிப் புத்தகங்களிலிருந்து கண்டறியலாம். இதனை ஒருவரேனும் முறையாகச் செய்தல் வேண்டுமென்பது நம் அவா.

இனி, சிறிது கசப்பான செய்தி. 1921இல் அரசாங்கத்தார் பெயரை மாற்ற இசையும் வரையில், நம் சமூகத்தார் சர்க்கார் காகிதங்களில் 'சாணார்' என்றே எழுதப்பட்டனர். அப்பெயரைக் காண மனம் கூசுவோர் பலர். எனினும் அத்தலைப்பைப் பாராமல் அட்டவணையில் ஒன்றும் அகப்படாது. அவ்வாறே 1899ஆம் ஆண்டுச் சிவகாசிக் கலகத்தைப் பற்றிய காகிதங்களையும், 1897இல் நிகழ்ந்த கமுதிக் கோயிற் பிரவேசத்தால் எழுந்த வழக்கையும் படித்தல் வேண்டும். அவ்வழக்கு லண்டன் பிரிவி கவுன்ஸில் வரை சென்று, 1908இல் நமக்கு விரோதமாகவே முடிந்தது. வென்ற வழக்குகளை மட்டும் எடுத்தெழுதுவது சரித்திரம் ஆகாது. 1939 ஜூலையில் வைத்தியநாதையர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஹரிஜன அன்பர்களை அழைத்துச் சென்றபோது விருதுநகர் நாடார் ஒருவரும் உடன் சென்றார். அந்நாளின் பெருமை, தோற்ற வழக்கின் காகிதங்களைப் படித்தார்க்கே முற்றும் விளங்கும்.

சர்க்கார் காப்பகத்தில் இல்லாத ரிக்கார்டுகளும் நம்மிடம் உள. உறவின்முறைப் புத்தகங்கள், மகமைக் கணக்குகள், பேட்டைக் குறிப்புகள் ஆகியன பல வீடுகளின் பரணில் கிடக்கின்றன. மூட்டைக்கு இவ்வளவு என்று தண்டிய மகமையிலிருந்து பள்ளிக்கூடம் நடந்த விதத்தை அவையே கூறும். கறையான் தின்றது போகப் பழைய காகிதக் கடைக்கு எடைக்குப் போனவையும் உண்டு. எஞ்சியவற்றில் தொகைகள் தமிழ் எண்ணிலும், மா, காணி, முந்திரி முதலிய கீழ்வாய்ப் பின்னங்களிலும் வரையப்பட்டுள்ளன. அவற்றைத் தங்குதடையின்றிப் படிக்கவல்ல முதியோர் இன்று ஊருக்கு ஒருவர் இருவரே. அவர்களருகே நம் இளைஞர் சிலர் இவ்வாண்டிலேயே ஏடும் எழுதுகோலுமாய் அமர்ந்து, பக்கம் பக்கமாகப் படி எடுத்துச் சங்கத்தில் ஒப்புவிக்குமாறு வேண்டுகின்றோம்.