மடுல்சீமையில் தொடங்கிய பாடம்

1869இல் பதுளைப் பக்கத்து மடுல்சீமைத் தோட்டங்களில் கோப்பி இலைகளின் அடிப்புறம் செம்மஞ்சள் பொடி படிந்தது. தொட்டால் விரலில் ஒட்டும் அந்தத் துருதான் இலங்கையின் கோப்பித் தொழிலை வீழ்த்தியது. 1996இல் புத்தளம் மாவட்டத்து இறால் பண்ணைகளில் வெண்புள்ளி நோய் புகுந்தபோது பலர் அதைத் திடீர் விபத்தாகவே கண்டார்கள். என் பார்வையில் இரண்டும் ஒரே தவறின் விளைவு: ஒரே இனத்தை இடைவெளியின்றி நெருக்கி வளர்த்தது. துருவை ஆராய 1880இல் வந்த மார்ஷல் வார்ட், அதன் வித்திகள் காற்றில் பரவுவதைக் காட்டினார். மலைச்சரிவெங்கும் கோப்பியே நின்றதால் காற்றுக்குத் தடையில்லை. புத்தளத்திலோ ஒரு பண்ணை கால்வாயில் விட்ட நீரையே அடுத்த பண்ணை உள்ளே இறைத்தது.

கோப்பியை வீழ்த்தியது விலைச் சரிவும் பிரேசிலின் போட்டியும்தானே என்பார்கள். அவை வீழ்ச்சியை விரைவுபடுத்தின, உண்மை; ஆனால் செடி நலமாயிருந்தால் விலை மீளும்வரை தோட்டம் தாக்குப்பிடித்திருக்கும், தொழிலாளர் குடும்பங்கள் வேலையிழந்து பெயர்ந்திருக்க வேண்டியதில்லை. செடியும் இறாலும் ஒன்றா என்பது வலுவான கேள்வி. இந்த இடத்தில் இரண்டும் நெருங்கியவையே: மீனைப் போல எதிர்ப்புப் புரதம் உருவாக்கி, வந்த நோயை நினைவில் வைக்கும் ஆற்றல் செடிக்கும் இல்லை, இறாலுக்கும் இல்லை. மீனுக்குப் போடும் தடுப்பூசி இறாலிடம் அவ்வாறே பலிக்காது. எஞ்சும் காப்பு இடைவெளிதான். புத்தளத்தில் வலயங்களாகப் பிரித்து, முறைவைத்துக் குஞ்சு விடும் பருவ நாட்காட்டி வந்தது. ஆண்டுக்கணக்கில் நிற்கும் கோப்பிக்கு அந்த வழி இல்லை. மடுல்சீமை அமைந்த ஊவாவில் அதைப் பிடுங்கிவிட்டுச் சிங்கோனாவையும் தேயிலையையும் நட்டார்கள்.