ஆயிரம் கிணறுகளின் பாதிரியார்

தண்டலத்திலிருந்து ஒரகடம் போகும் கம்பெனி பஸ்களில் சிவகங்கை, ராமநாதபுரம் பேச்சைக் கேட்கலாம். மழை பொய்த்தால் பிழைப்புத் தேடிக் கிளம்புவது அந்தச் சீமைக்குப் புதிதல்ல. பர்மாவுக்குப் போனார்கள், சிங்கப்பூருக்குப் போனார்கள். இப்போது ஸ்ரீபெரும்புதூருக்கு வருகிறார்கள். ஊரை விட்டுப் போகாமல் பிழைக்க வழி உண்டா என்று அந்த மண்ணிலேயே போய் நின்றவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்.

பியர் சேராக் 1914 பிப்ரவரி 4 அன்று பிரான்ஸின் மெய்ஸாக் என்ற சிற்றூரில் பிறந்தவர். அண்ணன் பிரான்சுவா பின்னாளில் பிரெஞ்சு முதலாளிகள் சங்கத்துக்கே தலைவரானார். தம்பியோ இயேசு சபையில் சேர்ந்து 1937இல் இந்தியா வந்தார்; தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். சென்னை லயோலா கல்லூரியில் இருந்தபடி, ஐக்கஃப் என்ற கத்தோலிக்க மாணவர் இயக்கத்தைப் பல ஆண்டுகள் வழிநடத்தினார். மாணவர்களைச் சேரிகளுக்கும் கிராமங்களுக்கும் அழைத்துப் போய் வேலை செய்யவைத்தார்.

1960களின் கடைசியில் அவர் மானாமதுரைக்குப் போனார். சிவகங்கை தனி மாவட்டமாகப் பிரியாத காலம் அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்தால் ஒரு போகம் நெல். நிறையாவிட்டால் அதுவும் இல்லை. வைகை பெரும்பாலும் மணலாகக் கிடக்கும். கிணறு இருந்தால் தப்பிக்கலாம், ஆனால் சிறு சம்சாரியிடம் கிணறு வெட்டக் காசு ஏது? வட்டிக்கு வாங்கி வெட்டி, ஊற்று கிடைக்காவிட்டால் நிலமே கைமாறிப் போகும். சேராக் வெளிநாட்டு நண்பர்களிடம் பணம் திரட்டி, ‘ஆயிரம் கிணறுகள்’ திட்டத்தைத் தொடங்கினார். மானாமதுரையில் ஒரு பண்ணையும் எழுந்தது.

கஞ்சித் தொட்டி அன்றைய பசியை ஆற்றும். ஊற்றெடுத்த கிணறோ அடுத்த தலைமுறைக்கும் இறைக்கும். ஏரி வெட்டியவர்கள், மதகு கட்டியவர்கள் பெயரைக் கல்வெட்டில் பொறித்த நாடு இது. சேராக்கையும் அந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். மதம் மாற்ற வந்தவர் என்ற ஒரே வரியில் அவரை ஒதுக்குவது அநியாயம்.

1980இல் அவருக்கு 66 வயது. ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில் தாய்லாந்து எல்லைக்குப் புறப்பட்டார். கெமர் ரூஜ் ஆட்சியிலிருந்தும் அதன் பின் வந்த போரிலிருந்தும் தப்பிய கம்போடியர்கள் அங்கே முகாம்களில் அடைந்து கிடந்தார்கள். ‘சைட் டூ’ என்ற ஒரே முகாமில் மட்டும் ஒரு கட்டத்தில் 1,50,000 பேருக்கு மேல் இருந்தார்கள். பதின்மூன்று ஆண்டுகள் அகதிகளோடு கழித்த சேராக், முகாம்கள் மூடப்பட்ட பிறகு தமிழ்நாட்டுக்கே திரும்பி, ஆதரவற்ற குழந்தைகளைப் பராமரிக்கும் வேலையில் இறங்கினார்.

பிரான்ஸுக்குத் திரும்பிப்போக அவர் நினைக்கவில்லை. 2012 மே 30 அன்று, 98ஆம் வயதில், சென்னையில் காலமானார்.