கிரேக்க எழுத்தும் ஒரு மூடிய கதவும்

1933-ம் வருஷம். அமெரிக்காவில், ஃபிலடெல்ஃபியா நகரத்துக்குப் பக்கத்தில் ஸ்வார்த்மோர் என்று ஒரு சின்னக் கல்லூரி. மொத்தமே சில நூறு பேர்தான் படித்தார்கள். அந்தக் கல்லூரிப் பெண்கள் ஓட்டெடுப்பு நடத்தி, தங்களுடைய சங்கங்களுக்குத் தாங்களே பூட்டுப் போட்டார்கள்!

அப்படி என்ன கோபம்?

அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர்களின் சகோதர சங்கத்துக்கு ஃப்ரெட்டர்னிட்டி என்று பெயர். பெண்களுடையது சோராரிட்டி. ஆல்ஃபா, டெல்டா, கப்பா என்று இரண்டு மூன்று கிரேக்க எழுத்துகளைச் சேர்த்துப் பெயர் வைத்துக்கொள்வார்கள். ரகசியச் சத்தியம், ரகசியக் கைகுலுக்கல், சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்ன பேட்ஜ்... எல்லாம் உண்டு. ஆனால், நாமாகப் போய் 'என்னையும் சேர்த்துக்கோ' என்று பெயர் கொடுத்துவிட முடியாது. புதுசாக வந்தவர்களை சீனியர்கள் டீ பார்ட்டிக்குக் கூப்பிடுவார்கள். சிரித்துப் பேசுவார்கள். எடை போடுவார்கள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம். யார் வேண்டும், யார் வேண்டாம் என்று முடிவாகும். வேண்டியவருக்கு மட்டும் அழைப்பு வரும்.

பெரிய பல்கலைக்கழகத்தில் அழைப்பு வராவிட்டால் குடி முழுகிவிடாது. பல்லாயிரம் பேரில் நமக்கென்று நாலு பேர் கிடைக்காமலா போவார்கள்? சின்னக் கல்லூரியில் கதை வேறு. அதே சாப்பாட்டுக் கூடம். அதே வகுப்பு. அதே முகங்கள். யாருக்கு அழைப்பு வந்தது, யாருக்கு வரவில்லை என்பது சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். சனிக்கிழமை நடன விருந்துக்குப் போகலாமென்றால், அதுவும் அநேகமாக ஏதாவது ஒரு சங்கத்தின் வீட்டில்தான்! பதினெட்டு வயசில், 'பந்தியில் உனக்கு இலை இல்லை' என்று சொன்னால் எப்படி இருக்கும்?

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சங்கங்களில் சில, இலை கிடைக்காதவர்கள் ஆரம்பித்தவை!

கொஞ்சம் பின்னால் போவோம். 1825. நியூயார்க் மாநிலத்தில் யூனியன் கல்லூரி. அந்தக் காலத்துக் கல்லூரி என்றால் காலை ஜெபம், மனப்பாடம், கண்டிப்பு. சலித்துப்போன சில மாணவர்கள் தங்களுக்கென்று கப்பா ஆல்ஃபா என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்த ஜுரம் பக்கத்துக் கல்லூரிகளுக்கும் பரவியது. மாசசூசெட்ஸில் இருக்கும் வில்லியம்ஸ் கல்லூரியில் எதிர்ப்புக் கிளம்பியது. 'ரகசியச் சங்கமே கூடாது' என்று 1834-ல் சுமார் முப்பது மாணவர்கள் கூடி ஓர் எதிர்ச் சங்கம் அமைத்தார்கள். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜேம்ஸ் கார்ஃபீல்டு இந்த எதிரணியில் இருந்தவர்தான். அந்தச் சங்கம் என்ன ஆனது? டெல்டா அப்சிலான் என்று கிரேக்கப் பெயர் சூட்டிக்கொண்டு, அதுவே இன்னொரு ஃப்ரெட்டர்னிட்டியாகிவிட்டது!

பெண்கள் கதைக்கு வருவோம். 1860-களின் கடைசியில், இண்டியானா மாநிலத்தில் ஆஸ்பரி கல்லூரி முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அதில் ஒருவர் பெட்டி லாக். ஒரு ஃப்ரெட்டர்னிட்டி இளைஞர் தங்கள் பேட்ஜை அணியச் சொல்லிக் கேட்டாராம். 'உறுப்பினராகவா?' என்றதற்கு, இல்லையென்று பதில். சும்மா அலங்காரத்துக்கு! 'அப்படியானால் வேண்டாம்' என்று மறுத்த பெட்டி, 1870-ல் மூன்று தோழிகளோடு சேர்ந்து கப்பா ஆல்ஃபா தீட்டா என்ற சங்கத்தைத் தொடங்கிவிட்டார்.

இதே தீட்டாவின் கிளை ஸ்வார்த்மோரிலும் இருந்தது. அதன் உறுப்பினர் மாலி யார்ட். சீனாவில் பிறந்த மிஷனரி வீட்டுப் பெண். ஒரு யூத மாணவியைச் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, 'முடியாது' என்று கதவைச் சாத்தினார்கள். பெண் என்பதால் ஒதுக்கப்பட்டவர்கள் தொடங்கிய சங்கம், யூதர் என்பதால் இன்னொரு பெண்ணை ஒதுக்கியது. அதுவும் எங்கே? எல்லோரும் சமம் என்று நம்பும் குவேக்கர்கள் 1864-ல் நிறுவி, ஆரம்பத்திலிருந்தே ஆணையும் பெண்ணையும் ஒன்றாக உட்கார வைத்த கல்லூரியில்!

மாலி சும்மா இருக்கவில்லை. 'ஒரு பெண்ணைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதல்ல பிரச்னை, இப்படித் தரம்பிரிக்கும் ஏற்பாடே கூடாது' என்று பிரசாரத்தில் இறங்கினார். அதன் முடிவுதான் 1933 ஓட்டெடுப்பு. அதே மாலி, 1987-ல் அமெரிக்காவின் பெரிய பெண்ணுரிமை அமைப்பான தேசியப் பெண்கள் அமைப்பின் தலைவரானார்.

மற்ற சின்னக் கல்லூரிகள் மெதுவாகத்தான் விழித்துக்கொண்டன. 1962-ல் வில்லியம்ஸ், 'மாணவர்கள் தங்குவதும் சாப்பிடுவதும் இனி கல்லூரியின் பொறுப்பு' என்று முடிவெடுத்தது. கூரையும் சோறும் எல்லோருக்கும் உண்டு என்றானதும் ஃப்ரெட்டர்னிட்டிகளின் பிடி தளர்ந்தது. 1984-ல் ஆம்ஹர்ஸ்ட், கோல்பி கல்லூரிகளும் அவற்றுக்கு விடை கொடுத்தன. பழைய மாணவர்களுக்கு வருத்தம்தான். அவர்களைக் குறைசொல்ல முடியாது. வீட்டை விட்டு வந்த பையனுக்கு அங்கேதான் அண்ணன்கள் கிடைத்தார்கள். வேலை தேடும்போது அந்த அண்ணன்கள்தான் சிபாரிசும் செய்தார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு அது நிஜமான பாசம்.

ஸ்வார்த்மோரில் பெண்கள் பூட்டுப் போட்டார்களே, ஆண்கள்? போடவில்லை. ஃப்ரெட்டர்னிட்டிகள் அப்படியே தொடர்ந்தன. 'அவர்களுக்கு உண்டு, எங்களுக்கு இல்லையா?' என்று புதிய தலைமுறைப் பெண்கள் கேட்க ஆரம்பித்தார்கள். நியாயமான கேள்விதானே? எண்பது வருஷம் கழித்து, 2013-ல் அங்கே மறுபடி சோராரிட்டி வந்தது. எது தெரியுமா? அதே கப்பா ஆல்ஃபா தீட்டா!

ஆனால், நிலைக்கவில்லை. 2019 ஏப்ரலில், ஃபை சை என்ற ஃப்ரெட்டர்னிட்டியின் பழைய உள்குறிப்புகள் மாணவர் பத்திரிகைகளில் அம்பலமாயின. பெண்களையும் கறுப்பினத்தவரையும் இழிவுபடுத்தும் பேச்சு, பலாத்காரத்தைப் பற்றிய கிண்டல்... படித்தவர்கள் கொதித்துப்போனார்கள். மாணவர்கள் அந்தச் சங்க வீட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்து போராடினார்கள். சில நாள்களில், மிச்சமிருந்த இரண்டு ஃப்ரெட்டர்னிட்டிகளும் கலைந்தன. அதில் ஒன்று ஃபை சை. இன்னொன்று, ரகசியச் சங்கங்களை எதிர்க்கப் பிறந்த டெல்டா அப்சிலான்!

அடுத்த மாதமே கல்லூரி அறிவித்தது: இனி இங்கே ஃப்ரெட்டர்னிட்டியும் கிடையாது, சோராரிட்டியும் கிடையாது. மாலி யார்ட் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 2005-லேயே காலமாகிவிட்டார். 1933-ல் அவர் பாதி மூடிய கணக்கை, பேரப்பிள்ளைகள் வயசுக்காரர்கள் 86 வருஷம் கழித்து முழுசாக மூடினார்கள்.