முடித்துவைத்த வழக்கு மீண்டும் எழுமா?



மாவட்டத்தின் தலைநகர் விருதுநகர். மாவட்டத் தலைமை நீதிமன்றம் இருப்பதோ ஸ்ரீவில்லிபுத்தூரில். ஆண்டாளைத் தரிசித்துப் பால்கோவா வாங்கித் திரும்புவோர் பலர் இதனை அறியார். அந்நீதிமன்றத்தின் வழியே நாடு முழுவதும் பேசப்பட்ட ஒரு வினாவைப் பற்றி இன்று கூற விரும்புகிறேன். வழக்கை முடித்துவிடலாம் என்று போலீசார் அறிக்கை தருகின்றனர். நீதிபதியும் அதனை ஏற்றுக்கொள்கிறார். அவ்வழக்கு மீண்டும் உயிர்பெறக் கூடுமா?

1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதற்கு நேரான விடை இல்லை. 1967இல் அபிநந்தன் ஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் எல்லை வகுத்தது. போலீசாரின் முடிவுக்கு மாஜிஸ்திரேட் கட்டுப்பட்டவர் அல்லர்; தாமே வழக்கை ஏற்கலாம், மேலும் புலன் விசாரிக்கவும் சொல்லலாம். ஆனால் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யுமாறு கட்டளையிட இயலாது. 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமோ, அறிக்கை அளித்த பின்னரும் புலன் விசாரணையைத் தொடரலாம் என்று 173(8)ஆம் பிரிவில் வெளிப்படையாகவே கூறியது. 1985இல் மற்றொரு தீர்ப்பு வந்தது: வழக்கை முடிக்குமுன் புகார் கொடுத்தவருக்கு அறிவித்து, அவர் சொல்வதையும் கேட்க வேண்டும். இது மிக நல்ல விதி என்பது என் எண்ணம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அறிக்கையை ஏற்பது விடுதலைத் தீர்ப்பு அன்று. முறையாக விசாரிக்கப்பட்டு விடுதலை பெற்றவரை அதே குற்றத்துக்காக மீண்டும் கூண்டில் ஏற்றலாகாது. முடித்துவைத்த வழக்குக்கு அக்காப்பு இல்லை. புதிய சான்று கிடைத்தால் புலன் விசாரணை தொடரலாம். எனினும், தாம் கையொப்பமிட்ட இறுதி ஆணையை மாஜிஸ்திரேட் தாமே அழித்து எழுத முடியாது. அதனைத் திருத்துவது மேல் நீதிமன்றத்தின் வேலை.

இனி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவோம். கே.கே.எஸ்.எஸ்.ஆர். இராமச்சந்திரன், தங்கம் தென்னரசு ஆகியோர் 2006 முதல் 2011 வரை இருந்த ஆட்சியில் அமைச்சர்கள். வருமானத்துக்கு மீறிச் சொத்துச் சேர்த்ததாக லஞ்ச ஒழிப்புத் துறை இருவர்மீதும் தனித்தனியே வழக்குத் தொடர்ந்தது. ஒன்று 2011 டிசம்பரில், மற்றொன்று 2012 பிப்ரவரியில். 2021இல் ஆட்சி மாறி அவர்கள் மீண்டும் அமைச்சர்களாயினர். அதே துறை மேலும் விசாரித்து, 2022இல் வழக்கை முடிக்கும் அறிக்கை அளித்தது. நீதிமன்றம் அதனை ஏற்று, 2022 டிசம்பரில் தென்னரசையும் 2023 ஜூலையில் இராமச்சந்திரனையும் விடுவித்தது.

எவரும் மேல்முறையீடு செய்யவில்லை. செய்ய வேண்டிய அரசுத் தரப்பே முடித்துவிடச் சொன்ன வழக்கில் வேறு யார் செய்வார்? 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தாமாகவே மறுஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். 2024 ஆகஸ்ட் 7இல் விடுவிப்பு ஆணைகளை நீக்கினார். பிந்திய அறிக்கை முந்தியதை அழிப்பதில்லை. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது அவர் காட்டிய காரணம். குற்றச்சாட்டு வனைந்து விசாரணையை நடத்துமாறும் பணித்தார். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது என்று அவர் கூறவில்லை. விசாரிக்கப்பட வேண்டியது என்றே கூறினார்.

இருவரும் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். மறுமாதமே, 2024 செப்டம்பரில், அந்நீதிமன்றம் உயர் நீதிமன்றத்தின் ஆணைக்கு இடைக்காலத் தடை விதித்தது.