‘லேப் கிராஸ்’, ‘பொம் கிராஸ்’... கலப்பின நாயை வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடி என்னெல்லாம் பார்க்கணும்?

“லேப் கிராஸ். 45 நாள் குட்டி. நல்ல வீடு தேவை.” வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு மெசேஜ். கூடவே, கேமராவில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்க்கும் ஒரு போட்டோ. வீட்டில் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டால் அவ்வளவுதான், அன்று சாயங்காலமே அட்டைப்பெட்டியும் பழைய துண்டுமாகப் போய் நிற்போம்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. ‘பொம் கிராஸ்’னு சொல்லித்தான் கொடுத்தாங்க. எட்டாவது மாதத்தில் அது பின்னங்காலில் எழுந்து நின்றால் அப்பாவின் மார்பைத் தொட்டது. நல்ல நாய்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் நாங்கள் தயாராக இருந்தது மடியில் படுக்கும் நாய்க்கு, வந்து சேர்ந்ததோ மொட்டை மாடிச் சுவரைத் தாண்டும் நாய்.

சொந்த வீடு என்பதால் நாங்கள் சமாளித்துவிட்டோம். வாடகை ஃபிளாட்டில் இருப்பவர்கள் பலருக்கு அது முடியாமல் போகிறது. அப்போது நாய் மறுபடி தெருவுக்கே போகிறது. வீட்டுக்குள் வளர்ந்த நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. இதில் சட்டமும் இருக்கிறது. தெருநாய்கள் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22-ல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம், ஆனால் அது மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது தத்தெடுத்தவரின் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறது.

அதனால் ‘என்ன கிராஸ்?’னு கேட்கிறதை விட, ‘இந்த நாய் எப்படி?’னு கேட்கிறதுதான் முக்கியம். ஏன் என்று பார்ப்போம்.

‘கிராஸ்’ என்றால் என்ன?

இரண்டு வெவ்வேறு இனங்களுக்குப் பிறந்தது கிராஸ். நம் ஊரில் அந்தச் சொல்லைக் கொஞ்சம் தாராளமாகவே பயன்படுத்துகிறோம். காது தொங்கினால் லேப் கிராஸ், முடி அதிகம் இருந்தால் பொம் கிராஸ். இவ்வளவுதான் பலருடைய கணக்கு. அம்மா நாயையும் அப்பா நாயையும் பார்க்காத வரை அது வெறும் ஊகம்தான். தெருவில் பார்க்கும் செவலை நாய் எந்த வெளிநாட்டு இனத்தின் கலப்பாகவும் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அது காலங்காலமாக இங்கேயே இருக்கும் நாட்டு நாய். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் தனித்தனி நாட்டு இனங்கள், அதையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இன்னொரு விஷயம், நாம் ‘பொமரேனியன்’னு கூப்பிடுவதில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ்.

மூன்று குட்டியில் ஒன்று

கிராஸ் நாய்க்கு உலகம் முழுக்க மவுசு வரக் காரணமான ஒரு கதை இருக்கிறது. 1980-களின் இறுதியில், ஆஸ்திரேலியாவில் பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்களை உருவாக்கும் அமைப்பில் வாலி கான்ரன் என்பவர் வேலை பார்த்தார். ஹவாயில் இருந்த ஒரு பார்வையற்ற பெண்ணுக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. ஆனால் அவருடைய கணவருக்கு நாய் அலர்ஜி. முடி அதிகம் கொட்டாத பூடுல் இனத்தையும் லாப்ரடாரையும் சேர்த்துப் பார்த்தார் கான்ரன். மூன்று குட்டிகள் பிறந்தன. அவற்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிச் சோதித்ததில், அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒரே ஒரு குட்டிதான்.

மீதி இரண்டையும் வளர்க்க ஆள் கிடைக்கவில்லை, கிராஸ் நாய் வேண்டாம் என்றுவிட்டார்கள். அப்போதுதான் ‘லாப்ரடூடுல்’ என்று ஒரு பெயர் வைத்தார். பெயர் வைத்ததும் கேட்டு வாங்க ஆரம்பித்துவிட்டார்கள்! பெயரைப் பார்த்து மட்டும் நாய் வாங்கும் கூட்டம் பெருகியதைப் பார்த்து, பிற்காலத்தில் இதை ஏன் தொடங்கினோம் என்று கான்ரனே வெளிப்படையாக வருத்தப்பட்டார்.

ஒரே அம்மா, ஒரே அப்பா, ஒரே ஈற்று. அதில் மூன்று குட்டியும் மூன்று விதம். லேபின் பொறுமையும் பூடுலின் முடியும் சேர்ந்து வரும்னு யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது.

குணத்திலும் இதே கதைதான். 18,000-க்கும் அதிகமான நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டும், அதில் 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவைப் படித்தும் ஓர் ஆய்வு நடந்தது. அது 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் நடத்தையில் இருக்கும் வித்தியாசத்தில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனத்தை வைத்து விளக்க முடிகிறது என்று அதில் தெரியவந்தது.

அலர்ஜி உள்ளவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அலர்ஜிக்குக் காரணம் முடி மட்டும் இல்லை, நாயின் எச்சிலிலும் தோலிலும் உள்ள புரதம். ‘அலர்ஜி வராத நாய்’ என்று ஓர் இனமே கிடையாது. சந்தேகம் இருந்தால் அந்தக் குறிப்பிட்ட நாயோடு ஒரு மணி நேரம், வேறு வேறு நாட்களில் இரண்டு மூன்று தடவை இருந்து பாருங்கள்.

நேரில் போனால் எதைப் பார்ப்பது?

ஒரே தடவை பார்த்து முடிவு பண்ணாதீங்க. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, முடிந்தால் அது சாப்பிடும் நேரத்தில் ஒரு தடவை. தூங்கி எழுந்த குட்டிக்கும், தீனிக்காகக் காத்திருக்கும் குட்டிக்கும் அவ்வளவு வித்தியாசம் இருக்கும்.

போனதும் தூக்கிக் கொஞ்ச வேண்டாம். தரையில், நாய்க்குப் பக்கவாட்டில் உட்காருங்கள். தலைக்கு மேல் கையை நீட்டாதீர்கள். அதுவாக வந்து மோந்து பார்க்கிறதா, எட்ட நின்று பார்த்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறதா, இல்லை மூலையை விட்டே வரவில்லையா? முதல் இரண்டும் பிரச்னை இல்லை. மூன்றாவது வகை நாயையும் வளர்க்கலாம், ஆனால் அதற்குப் பல மாதப் பொறுமை வேண்டும். வீட்டில் எப்போதும் ஆள் நடமாட்டம், சின்னக் குழந்தைகள் என்றால் அது உங்களுக்கும் கஷ்டம், அதற்கும் கஷ்டம்.

சாவிக்கொத்தைச் சற்றுத் தள்ளித் தரையில் போட்டுப் பாருங்கள். திடுக்கிடுவது இயல்புதான். பார்க்க வேண்டியது அடுத்த அரை நிமிஷம். திரும்பி வந்து என்னவென்று பார்க்கிறதா, நடுங்கிக்கொண்டே இருக்கிறதா? வளர்ந்த நாய் என்றால், போன தீபாவளிக்கு எப்படி இருந்ததுனு கேளுங்க. நம் ஊர் நாய்க்கு இதைவிடப் பெரிய பரீட்சை இல்லை.

வாலாட்டினாலே ஃப்ரெண்ட்லி என்று நினைக்காதீர்கள். உடம்பு முழுக்க நெளிய, தளர்வாக ஆட்டினால் சந்தோஷம். உடம்பு விறைத்து, வால் மட்டும் மேலே நின்று வேகமாக ஆடினால் அது எச்சரிக்கை. தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி, சும்மா சும்மா உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரப்பார்வை... இதெல்லாம் ‘போதும், விடு’ என்பதற்கு நாய் பாஷை. குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இரண்டாவது தடவை அவர்களையும் கூட்டிப்போங்கள்.

இப்போது பார்த்துக்கொள்பவரிடம்தான் பாதித் தகவல் இருக்கும். தட்டுப் பக்கம் ஆள் வந்தால் உறுமுமா? காதை, பாதத்தைத் தொட விடுமா? தனியாக விட்டால் குரைத்துக்கொண்டே இருக்குமா? டெலிவரி ஆட்களைப் பார்த்தால்? ஏன் கொடுக்கிறீங்க? எல்லாத்துக்கும் ‘ரொம்ப நல்ல நாய்ங்க’ என்று மட்டும் பதில் வந்தால் கொஞ்சம் உஷாராகுங்கள். தட்டில் நீங்களே கைவிட்டுச் சோதிக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

குட்டியா, வளர்ந்த நாயா?

எல்லாருக்கும் குட்டிதான் வேண்டும். ஆனால் முதல்முறை வளர்ப்பவர்களுக்கு, அதுவும் இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு, ஒன்றரை இரண்டு வயது நாய் நல்ல தேர்வு என்பது என் கருத்து. உயரம், முடி, குணம் எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கும். ஊகத்துக்கு வேலையே இல்லை.

குட்டிதான் வேண்டும் என்றால், அம்மா நாயைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பயந்த அம்மாவா, பழகும் அம்மாவா என்பது குட்டியைப் பற்றி நிறையச் சொல்லும். நடுத்தர அளவு நாய்கள் நான்கு, ஐந்து மாதத்தில் முழு எடையில் ஏறக்குறைய பாதிக்கு வந்துவிடும். அதை வைத்துக் கணக்குப் போடலாம். வயதைப் பல்லில் பார்க்கலாம், பால் பல் விழ ஆரம்பிப்பது சுமார் நான்கு மாதத்தில். ‘மூணு மாசக் குட்டி’ என்று சொல்லி, முன்பல் விழுந்து புதுப்பல் முளைத்திருந்தால் கணக்கு இடிக்கிறது.

ஆரம்பத்தில் சொன்ன ‘45 நாள் குட்டி’க்கு வருவோம். 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. 45 நாள் என்பது ஆறரை வாரம். மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரைதான் குட்டி மற்ற நாய்களோடும் மனிதர்களோடும் பழகக் கற்கும் காலம். கடித்தால் வலிக்கும் என்பதையே அது கூடப்பிறந்த குட்டிகளிடம்தான் கற்றுக்கொள்கிறது. இலவசமாகத் தந்தாலும் எட்டு வாரம் பொறுங்கள்.

கிராஸ் நாய்க்கு நோயே வராதா?

இதுவும் பாதி உண்மை. அமெரிக்காவின் டேவிஸ் கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2013-ல் ஓர் ஆய்வு வெளியானது. 24 பரம்பரைக் கோளாறுகளில் 10 மட்டுமே தூய இன நாய்களில் அதிகம், 13 இரண்டிலும் ஏறக்குறைய சமம், முழங்கால் தசைநார் கிழிவது கலப்பினத்தில்தான் அதிகம். பக் கிராஸ் என்றால் மூச்சு விடும் சத்தத்தைக் கேளுங்கள், லேப் கிராஸ் என்றால் நடையில் இடுப்பைப் பாருங்கள்.

தடுப்பூசி அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள், ‘போட்டாச்சு’ என்ற வார்த்தை போதாது. பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை இடைவெளி விட்டுப் போட வேண்டியது. ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். தெருவில் இருந்த நாயின் காதில் சின்ன வெட்டு இருந்தால் கருத்தடை ஆகிவிட்டது என்று அர்த்தம், அதற்காக ரேபிஸ் ஊசியை அடுத்தடுத்த ஆண்டுகளில் விட்டுவிடக் கூடாது. உண்ணி இருந்த நாய்க்கு ஒரு ரத்தப் பரிசோதனை அவசியம். உண்ணிக் காய்ச்சல் வெளியே தெரியாமலே இருக்கும். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம், அதற்கும் ரேபிஸ் ஊசிச் சான்று கேட்பார்கள்.

வாடகை வீடு என்றால் ஓனரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். நாய் வளர்க்கவே கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது என்கின்றன விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல்கள். அதைக் காட்டி ஓனரிடம் சண்டை போட்டு வாழ முடியுமா என்பது வேறு கேள்வி.

இன்னும் தயக்கமாக இருந்தால், இரண்டு வாரம் ‘ஃபாஸ்டர்’ செய்து பார்க்கிறேன் என்று கேளுங்கள், பல தன்னார்வலர்கள் சம்மதிப்பார்கள். முதல் மூன்று நாள் நாய் சரியாகச் சாப்பிடாது, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மூன்றாவது வாரத்தில்தான் அதன் நிஜ குணம் தெரிய ஆரம்பிக்கும். கூட்டிட்டு வர்ற அன்னைக்கு, அது படுத்திருந்த பழைய துணியையும் கேட்டு வாங்கிட்டு வந்துடுங்க. துவைக்காமல் அப்படியே போட்டால், முதல் ராத்திரி அழுகை கொஞ்சம் குறையும்.