சுவருள்ள நூலகமும் சுவரில்லா நூலகமும்

நூலகம் ஒன்றின் ஆண்டறிக்கையில் மூன்று தலைப்புகள் பெரும்பாலும் இருக்கும்: அந்த ஆண்டின் சாதனைகள், பிற நிறுவனங்களோடு கூடிச் செய்தவை, சமூகத்துக்கு ஆற்றிய பணிகள். பல்கலைக்கழக நூலகத்துக்கு இந்தக் கணக்கை எழுதுவது ஓரளவு எளிது. திருநெல்வேலியில் 1974இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்தின் முதன்மை வாசகர் யார் என்பது அதன் மாணவர் பதிவேட்டிலேயே தெரிந்துவிடும். அப்படியொரு பதிவேட்டுக்குள் அடங்காத வாசகர்களைக் கொண்ட இரண்டு நூலகங்கள் யாழ்ப்பாணத்துக்கு உண்டு. ஒன்று மாநகர சபையின் பொது நூலகம். மற்றது நூலக நிறுவனம் நடத்தும் இணைய நூலகம். இரண்டையும் எதிரெதிராக வைத்துப் பேசுவதே வழக்கம்: ஒன்று கல், மற்றது மின், ஒன்று பழையது, மற்றது புதியது. மேற்சொன்ன மூன்று தலைப்புகளையும் அளவுகோலாக எடுத்துக்கொண்டு அருகருகே வைத்தால் கிடைக்கும் சித்திரம் அவ்வளவு நேரானதல்ல.

தோற்றத்திலிருந்தே தொடங்கலாம். க. மு. செல்லப்பா தன் வீட்டிலிருந்த நூல்களை இரவல் கொடுத்துவந்தவர். 1933 டிசெம்பர் 11ஆம் திகதி, யாழ்ப்பாணத்தில் இலவசத் தமிழ் நூலகம் ஒன்று வேண்டும் என்று பொதுமக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். அடுத்த ஆண்டு ஓகஸ்ட் முதலாம் திகதி ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறை ஒன்றில் 844 நூல்களோடு அது திறக்கப்பட்டது. இணைய நூலகம் 2005இல் தி. கோபிநாத், மு. மயூரன் ஆகியோரின் முயற்சியில், தன்னார்வலர்கள் ஈழத்து நூல்களைத் தட்டச்சுச் செய்து வலையேற்றியதில் தொடங்கியது. செல்லப்பா கேட்டது பணமும் நூலும். இவர்கள் கேட்டது நூலும் நேரமும். இரண்டு தொடக்கங்களுக்கும் பின்னால் அரசாணை இல்லை, அரசரின் கொடை இல்லை, பல்கலைக்கழகச் சட்டமும் இல்லை. தன்னிடம் இருப்பதை அடுத்தவர் படிக்கக் கொடுக்கும் தனிமனிதப் பழக்கமே இரண்டுக்கும் வித்து.

வழி பிரிவது அடுத்த படியில். பொது நூலகத்தை ஐந்து மாதங்களிலேயே, 1935 சனவரியில், நகர சபை பொறுப்பேற்றது. இணைய நூலகமோ ஐந்து ஆண்டுகள் தன்னார்வத் திட்டமாகவே நடந்து, 2010இல் நிறுவனமாகப் பதிவானது. அப்போதும் அரசின் கைக்குப் போகவில்லை. முன்னதற்கு வரிப்பணத்தின் உறுதியும் அரசியலின் ஆபத்தும் சேர்ந்தே கிடைத்தன. பின்னதற்குச் சுதந்திரம் கிடைத்தது. ஒவ்வொரு மாதமும் நன்கொடையாளரை நாடவேண்டிய நிலையும் கூடவே வந்தது.

சாதனை என்ற தலைப்பின் கீழ் பொது நூலகம் முதலில் காட்டக்கூடியது அதன் கட்டடத்தை. மேயர் சாம் சபாபதி காலத்தில் களியாட்ட விழாவும் அதிர்ஷ்டலாபச் சீட்டும் நடத்தி நிதி திரட்டினார்கள். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் ஆலோசனை சொன்னார். சென்னைக் கட்டடக்கலைஞர் வி. எம். நரசிம்மன் திராவிடப் பாணியில் வரைந்து கொடுத்தார். 1959 ஒக்ரோபர் 11ஆம் திகதி மேயர் அல்பிரட் துரையப்பா திறந்துவைத்தார். வெள்ளைக் குவிமாடமும் முன்றிலில் வீற்றிருக்கும் சரஸ்வதியுமாக அது நகரத்தின் முகமாகவே ஆகிவிட்டது. நூல் ஒன்றையும் இரவல் எடுத்திராதவரும் அதைத் தன் நூலகம் என்று சொல்வார்.

இணைய நூலகத்துக்குக் காட்ட முகப்பு இல்லை. அதன் கட்டடக்கலையைப் பார்க்க வேண்டுமானால் ஏதாவது ஒரு நூலின் பக்கத்தைத் திறக்க வேண்டும். நூலக எண், ஆசிரியர், நூல் வகை, மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் என்று ஒரு சிறு பெட்டி. அதன் கீழே மின்வருடிய கோப்பு. அதற்கும் கீழே உள்ளடக்கம். பழைய சஞ்சிகை ஒன்றின் இதழென்றால் அதில் யார் எழுதிய சிறுகதை, யாருடைய கவிதை, எந்தத் தலைப்பில் ஆசிரியர் குறிப்பு என்பதெல்லாம் வரிவரியாகத் தட்டச்சுச் செய்யப்பட்டிருக்கும். மின்வருடியில் பக்கம் எடுப்பது இயந்திரத்தின் வேலை. இந்தப் பட்டியலிடுவது நூலகரின் வேலை. எப்போதோ ஓர் இதழில் ஒரேயொரு கதை எழுதி மறக்கப்பட்டவரின் பெயரைத் தேடுபொறியில் இட்டால் அவர் கிடைப்பது இந்த உழைப்பால்தான். அங்கே ஆவணங்களின் தொகை நூறாயிரத்தைத் தாண்டிவிட்டது; என்றாலும் என் கணிப்பில் பெரிய சாதனை அந்த எண்ணிக்கையைவிட இந்த உள்ளடக்க வரிகள்தான்.

எதைச் சேர்ப்பது என்பதிலும் இரண்டுக்கும் இரு வேறு மனங்கள். பொது நூலகம் 1981க்கு முன்னர் அறிஞர்களின் சேகரங்களாலும் ஓலைச்சுவடிகளாலும் அரிய பதிப்புகளாலும் பெயர் பெற்றது. சேர்க்கத் தகுந்தது எது என்ற தெரிவு அதற்குப் பெருமை தந்தது. இணைய நூலகம் அந்தத் தெரிவைத் தளர்த்தியே பெயர் பெற்றது. கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், சனசமூக நிலைய அறிக்கை, அந்தியேட்டியன்று வந்தவர் கையில் கொடுக்கும் கல்வெட்டு எல்லாம் அங்கே இடம்பெறும். ஒரு கல்வெட்டில் தேவாரமும் இரங்கலும் மட்டும் இருப்பதில்லை; வம்சாவளி, பிறந்த ஊர், புகுந்த ஊர், பார்த்த உத்தியோகம், பிள்ளைகள் குடியேறிய நாடுகள் என்று ஒரு கிராமத்தின் நூறாண்டு அசைவு அதில் கிடக்கும். இவற்றைக் காக்காமல் விட்டிருந்தால் யாழ்ப்பாணச் சமூக வரலாற்றை எழுத வருபவருக்கு அரசாங்க அறிக்கைகள்தான் மிஞ்சியிருக்கும்.

1981 மே 31ஆம் திகதி இரவை இரண்டு கணக்குகளும் கடந்தே ஆக வேண்டும். அன்று பொது நூலகம் எரிக்கப்பட்டது; ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. பொது நூலகத்துக்கு அது வரலாற்றின் முறிவு. இணைய நூலகத்துக்கு அது தொடக்கக் காரணங்களுள் ஒன்று, ஒரே காரணமல்ல. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் ஆயிரக்கணக்கான வீட்டு அலுமாரிகள் திறந்தபடி விடப்பட்டன. போரின் ஒவ்வொரு நகர்விலும் தனியார் சேகரங்கள் பெயர் தெரியாமல் அழிந்தன. கடல் கடந்து போனவர்களின் பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் படித்த நூல்கள் எட்டவில்லை. ஓரிடத்தில் ஒரே பிரதியாக இருக்கும் எதுவும் பாதுகாப்பானதல்ல என்பதை இந்த எல்லா அனுபவங்களும் சேர்ந்துதான் கற்பித்தன.

இங்கே ஒரு விந்தையான பொருத்தம் உண்டு. பொது நூலகத்தின் புதுக்கட்டடம் திறந்த அதே 1959இல்தான் 'ஈழநாடு' யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவரத் தொடங்கியது. நூலகத்தை எரித்த அதே வன்முறையில் அந்தப் பத்திரிகையின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. ஒரே ஆண்டில் பிறந்து ஒரே நெருப்பில் வெந்த அந்த இரண்டில், கட்டடம் இன்று முற்றவெளிக்கு அருகே பழைய தோற்றத்தில் எழுந்து நிற்கிறது. பத்திரிகையின் பழைய இதழ்கள் பல இணைய நூலகத்தில் படிக்கக் கிடைக்கின்றன. இந்த ஒப்பீட்டின் மையம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. மீள்கட்டுமானம் உருவத்தை மீட்டது, உள்ளே இருந்ததை மீட்க முடியவில்லை. மின்வருடல் உள்ளே இருந்தவற்றில் ஒரு பகுதியை மீட்டது, உருவத்தை மீட்கவில்லை. ஓர் இழப்பின் இரண்டு பாதிகளை இரண்டு நூலகங்களும் தனித்தனியே சீர்செய்திருக்கின்றன. ஒன்றை வைத்து மற்றதைத் தேவையற்றது என்று சொல்ல இடமில்லை.

கூட்டுச் செயற்பாடு என்ற தலைப்பில் நம் எதிர்பார்ப்பு முழுவதும் தலைகீழாகிறது. மண்ணில் ஊன்றியது உள்ளூர்த்தன்மையோடும், இணையத்தில் இருப்பது உலகத்தன்மையோடும் இருக்கும் என்றுதான் நினைப்போம். பொது நூலகத்துக்கு 1954 மார்ச்சில் அடிக்கல் நாட்டியபோதே பிரித்தானிய, அமெரிக்க, இந்தியத் தூதரகங்களின் பிரதிநிதிகள் சாம் சபாபதியோடும் கத்தோலிக்கக் குருவான லோங் அடிகளாரோடும் நின்றார்கள். பின்னாளில் இந்தியத் துணைத்தூதரகத்தின் துணையோடு அங்கே இந்திய நூல்களுக்கென ஒரு பகுதி உருவானது. தெற்கிலிருந்து யாழ்ப்பாணம் பார்க்க வருபவர்களின் பேருந்துகளும் அதன் வாசலில் நிற்கின்றன. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அதன் மேம்பாட்டுக்கு 100 மில்லியன் ரூபாய் ஒதுக்கப்பட்டது. உலகம் அதைத் தேடி வருகிறது.

இணைய நூலகத்துக்கும் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகம் போன்ற வெளிநாட்டுப் பங்காளிகள் உண்டு. புலம்பெயர்ந்தோரின் நன்கொடைகளும் உண்டு. ஆனால் அதன் அன்றாட வேலை வீடு வீடாகப் போவதிலேயே தங்கியிருக்கிறது. ஓர் ஆசிரியரின் பழைய சஞ்சிகைக் கட்டு, ஒரு பரியாரியாரின் ஏடு, பாடசாலை ஒன்றின் மூலை அறையில் கரையான் அரித்த மலர்கள் இவற்றையெல்லாம் ஒருவர் நேரில் போய்க் கேட்டு வாங்கி, மின்வருடித் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுப்பவருக்கு முகம் தெரிந்த ஆள் வேண்டும், நூல் திரும்பி வரும் என்ற நம்பிக்கை வேண்டும். அதனால் உலகம் முழுவதும் திறக்கும் நூலகம் ஊர் ஒழுங்கைகளில் நடந்தே வளர்கிறது.

சமூகப் பணியில் இரண்டையும் பிரிப்பது வாசகரைத் தெரிந்துகொள்ளும் முறை. பொது நூலகம் 1967 நவம்பரில் சிறுவர் பகுதியைத் திறந்தது. ஒரு பிள்ளை அங்கே கதைப்புத்தகத்தில் தொடங்கி உயர்தரப் பாடநூல் வரை வளர்வதை நூலகர் கண்ணால் பார்க்கலாம். பத்திரிகை படிக்க நாள் தவறாமல் வரும் ஓய்வூதியரும், வீட்டில் இடமில்லாமல் பரீட்சைக்கு அங்கே வந்து படிக்கும் மாணவியும் ஒரே மின்விசிறியின் கீழ் இருக்கிறார்கள். கையில் தொலைபேசியும் டேட்டாவும் இல்லாதவருக்கு இதற்கு மாற்று இல்லை. இணைய நூலகம் தன் வாசகரின் முகத்தைக் காண்பதில்லை. ஆனால் பரிசிலோ மெல்பேணிலோ இருக்கும் ஆய்வாளரும், பொது நூலகத்துக்குப் பேருந்தில் வந்துபோக ஒரு முழுநாள் செலவாகும் தீவகத்து ஆசிரியரும் நள்ளிரவில் அதைத் திறக்கலாம். ஆளுமைகளின் வாழ்க்கைக் குறிப்புகள், வாய்மொழி வரலாறுகள், ஒளிப்படங்கள் என்று நூலாகவே வராதவற்றையும் அது காக்கிறது. முன்னது ஆட்களைச் சேர்க்கிறது. பின்னது சிதறியவர்களுக்கிடையே ஒரே பக்கத்தை விரிக்கிறது.

குறைகளும் எதிரெதிராகவே அமைந்திருக்கின்றன. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நிற்கும். நேற்று வெளிவந்த நாவலைப் பொது நூலகம் யாரையும் கேட்காமல் வாங்கி இரவல் கொடுக்கலாம். இணைய நூலகம் அதை ஏற்ற ஆசிரியரின் அனுமதி வேண்டும். மறுபுறம், நைந்துபோன 1920ஆம் ஆண்டுப் பிரசுரத்தைப் பொது நூலகம் வாசகர் கையில் கொடுக்க அஞ்சும். இணைய நூலகமோ ஒரே நேரத்தில் நூறு பேருக்குக் கொடுக்கும்; ஏட்டின் ஓரம்கூடக் கசங்காது. புதியதில் ஒன்றுக்கும் பழையதில் மற்றதற்கும் கை நீளம். ஆபத்தும் அப்படித்தான். நெருப்பும் கரையானும் ஒன்றுக்குப் பகை; கட்டாத சேவையகக் கட்டணமும் காலாவதியாகும் கோப்பு வடிவமும் மற்றதற்குப் பகை. எரிந்த நூலகம் ஊருக்கே தெரியும். திறக்காமல் போன இணையப் பக்கத்தைத் தேடிப் போனவர் மட்டுமே அறிவார்.

நூலகம் வளர்ந்துகொண்டேயிருக்கும் உயிரி என்ற கருத்தை ரங்கநாதன் 1931இல் தன் ஐந்து விதிகளின் முடிவாக வைத்தார். அவரே ஆலோசனை சொன்ன பொது நூலகத்தை அந்த விதியால் அளந்தால், அழிந்த பின்னும் அது மீண்டும் தளிர்த்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் கண்டிராத இணைய நூலகம் அதே விதியை இன்னும் வெளிப்படையாக நிறைவேற்றுகிறது. இரண்டின் வளர்ச்சிக்கும் ஒரே ஊற்று இருப்பதுதான் நான் எதிர்பாராத உறவு. எழுத்தாளரும் வாசகரும் வாரிசுகளும் மனமுவந்து கொடுப்பதே இரண்டின் அடித்தளம். அப்படிக் கொடுக்க வேண்டியவை எவை என்று அறியவும் ஒரு வழி உண்டு. பிரித்தானியாவில் வாழும் நூலகர் என். செல்வராஜா, தொகுதிக்கு ஆயிரம் நூல்கள் என்று 'நூல்தேட்டம்' என்ற பெயரில் ஈழத்துத் தமிழ் நூல்களைப் பட்டியலிட்டு வருகிறார். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எந்த நூல் எங்கே இல்லை என்று பார்ப்பது இரு நூலகங்களும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை.

என் தீர்ப்பு இது: இரண்டில் சிறந்தது எது என்ற கேள்விக்குப் பயனில்லை, எந்த வரிசையில் இரண்டையும் பயன்படுத்துவது என்பதே கேள்வி. உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய மலரோ, நின்றுபோன சஞ்சிகையின் இதழோ, தாத்தாவின் கையெழுத்துப் பிரதியோ இருந்தால் முதலில் மின்வருடக் கொடுங்கள். திரும்பி வந்ததும் அதைப் பெட்டியில் பூட்டாமல் பொது நூலகத்துக்கோ பல்கலைக்கழக நூலகத்துக்கோ கொடுத்துவிடுங்கள். பிரதி ஓரிடத்திலும் மூலம் வேறிடத்திலும் இருந்தால், ஒரே இரவில் இரண்டும் அழியாது.